பதினாலாவது ஓட்டை

நாலடி ஒன்பது அங்குலம். அதற்கு மேல் ஒரு நூல்கூட அவள் வளரவில்லை. பள்ளிக்கூடத்தில் அரைப்படி என்றார்கள். கல்யாணமாகிப் போன வீட்டில் நாத்தனார், "மேல்தட்டுல இருக்கறதெல்லாம் இனிமே என் பொறுப்பு" என்று சிரித்தாள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று அவளிடம் சொல்லாத ஆள் கிடையாது. சொல்கிறவர்கள் எல்லாரும் ஏதோ தாங்களே அந்தப் பழமொழியைக் கண்டுபிடித்த மாதிரி வேறு சொல்வார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், "கடுகு வெடிச்சா கண்ணுல தெறிக்கும், தள்ளி நில்லுங்க" என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

ஆனால் அந்தக் குள்ள உடம்புதான் அவளுக்குச் சோறு போட்டது. வயதாகிப்போன பெரிய தண்ணீர்க் குழாய்களுக்குள் ஊர்ந்து போய்ப் பார்த்து வருவது அவள் வேலை. குழாய் புதுப்பிக்கிற ஒரு நிறுவனத்தில் சேர்ந்தபோது குழிக்கரையில் பம்பு பார்த்துக்கொள்ளத்தான் போட்டார்கள். ஒருநாள் குழாய்க்குள் அனுப்பிய கேமரா வண்டி எழுபது மீட்டரில் சிக்கிக்கொண்டது. இழுத்தால் வயர் அறும், விட்டால் வேலை நிற்கும். நாலு ஆண்கள் குழாய் வாயில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, தோள் இடிக்கிறது, தொப்பை இடிக்கிறது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "நான் போய் எடுத்துட்டு வரட்டுமா?" என்று இவள் கேட்டாள். சிரித்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளையைக் கூட்டி வருகிற மாதிரி கேமராவை அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அன்றோடு சிரிப்பு நின்றது.

அதிலிருந்து அதுவே வேலையாகிவிட்டது. காற்று ஊதும் விசிறி, கெட்ட வாயு வந்தால் கத்துகிற சின்னப் பெட்டி, தலையில் விளக்கு, இடுப்பில் கயிறு, படுத்து உருட்டிக்கொண்டு போக நாலு சக்கரம் வைத்த பலகை. இவ்வளவுதான் அவளுடைய ஆபீஸ். புருஷன் பஸ் டிரைவர். ஆறடி ஆள், லிஃப்டில் ஏறச் சொன்னால் வேர்த்துவிடும், ஏழு மாடியானாலும் படிதான். "உள்ள பயமா இருக்காதா உனக்கு?" என்று அவர் கேட்காத மாதம் இல்லை. "உள்ள யாரும் ஹாரன் அடிக்கறதில்ல" என்பாள்.

அந்த வேலையின் சூட்சுமத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. கிழட்டுக் குழாயை மாற்றுவதற்காகத் தெருவை முழுக்கத் தோண்டிப்போட்டால் ஊர் சும்மா விடுமா? அதனால் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு குழி மட்டும் வெட்டுவார்கள். தண்ணீரை நிறுத்தி, உள்ளே துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிசின் ஊறிய நீளமான துணிப் பையை, சட்டைக் கையைப் புரட்டுகிற மாதிரி, தண்ணீர் அழுத்தத்தில் புரட்டிப் புரட்டி உள்ளே செலுத்துவார்கள். அப்புறம் வெந்நீர் விட்டால் பை இறுகிப்போய்ப் பழைய குழாய்க்குள் ஒரு புதுக்குழாய் உட்கார்ந்துவிடும். ஒரே ஒரு சங்கடம். குழாயின் பக்கவாட்டில் வீடுகளுக்கும் சந்துகளுக்கும் தண்ணீர் பிரிந்து போகிற ஓட்டைகள் இருக்குமே, பைக்கு அதெல்லாம் தெரியாது. எல்லாவற்றையும் மூடிவிடும். எந்த ஓட்டை எத்தனையாவது மீட்டரில், எந்தப் பக்கம் என்று முன்பே அளந்து எழுதி வைத்திருந்தால்தான், பிறகு வெட்டும் இயந்திரத்தை அனுப்பி உள்ளிருந்தே திறக்க முடியும்.

பக்கத்தைக் கடிகாரக் கணக்கில் எழுதுவார்கள். தண்ணீர் ஓடுகிற திசையைப் பார்த்துப் படுத்துக்கொண்டால் உச்சி பன்னிரண்டு மணி, வலது பக்கம் மூன்று மணி, இடது பக்கம் ஒன்பது மணி. அளந்து எழுதுவது அவள். அவள் எழுதினதுதான் வேதவாக்கு.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இவள் ஆனைகூட இல்லை. அஞ்சு வருஷத்துக்கு முன்னால் வேறொரு தெருவில், மேல்குழியில் பம்பு நின்றதால் கீழ்க்குழி வழியாக உள்ளே போனாள். தண்ணீருக்கு எதிர்த் திசையில் முகம். வலது இடதாகிவிட்டது. மூன்று மணி என்று எழுத வேண்டிய இடத்தில் ஒன்பது என்று எழுதிவிட்டாள். இயந்திரம் சமர்த்தாகப் போய் ஒன்பது மணிப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், புத்தம்புதுப் பையை வெட்டி ஓட்டை போட்டது. குழிக்கரையில் கயிறு பிடிக்கிறவன் அவள் கொழுந்தன், வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கே "ஒன்பதுமணி அண்ணி" என்று பேர் வைத்துவிட்டான். புதிதாக வருகிறவர்கள், ஏதோ நேரம் தவறாமல் வேலைக்கு வருகிறவள் போலிருக்கிறது என்று மரியாதையாக நினைத்துக்கொள்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வது? அந்தக் கதையில் பாதிதான் அவர்களுக்குத் தெரியும். மறுபாதியை அவள் கட்டின புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு உள்ளே போகுமுன் ஓட்டம் எந்தத் திசை என்று பார்த்துவிட்டு, படுக்கும்போது மூன்று மணிப் பக்கம் வருகிற மணிக்கட்டில் மஞ்சள் ரப்பர் பேண்ட் ஒன்றை மாட்டிக்கொள்வாள். கீழ்க்குழி வழியாகப் போனால் அது இடது கையில் இருக்கும். மூளை மறந்தாலும் ரப்பர் பேண்ட் மறக்காது.

இந்த முறை எடுத்துக்கொண்டது எண்பது வயதுக் குழாய், மூன்றடி அகலம். அதிலிருந்து பிரிகிற இணைப்புகள் பதிமூன்று என்றது குடிநீர் அலுவலகத்துப் பட்டியல். அந்தப் பதிமூன்றுக்கும் தெருவோரமாக நீலக் குழாய் போட்டு மாற்றுத் தண்ணீர் கொடுத்திருந்தார்கள். வேலை தொடங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஒன்பது நாளும் தவறாமல் ஒரு பெரியவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அந்தப் பம்பை அங்க வச்சா குழி சரியும்", "கயித்தை இப்பிடியா முடிச்சுப் போடறது?" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். குடிநீர் அலுவலகத்தில் வால்வு திருப்பி ஓய்வு பெற்றவராம். கொழுந்தன் அவருக்கு "இன்ஸ்பெக்டர்" என்று பேர் வைத்திருந்தான். பேர் வைக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

பத்தாம் நாள் காலையில் கடைசியாக ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, பொறியாளரிடம் நோட்டை நீட்டினாள். அவர் நல்ல மனுஷன்தான், ஆனால் அன்றைக்குத் தலைக்கு மேல் வேலை. பனிக்கட்டி வண்டியில் பை வந்து நின்றுகொண்டிருந்தது. வெயில் ஏறினால் வண்டிக்குள்ளேயே இறுகிப்போய், முன்னூறு மீட்டர் பையும் வீண்.

"ஏங்கம்மா, பட்டியல்ல பதிமூணுதானே?"

"பட்டியல்ல பதிமூணு சார். குழாய்ல பதினாலு. துரு சுரண்டுனப்புறம்தான் கண்ணுல பட்டுது. நூத்தி அறுபத்திரெண்டு மீட்டர், மூணு மணி."

"எந்தக் காலத்துலயோ போட்டுட்டு விட்ட ஓட்டையா இருக்கும்."

"விட்ட ஓட்டைன்னா துரு கல்லா அடைச்சிருக்கும். இதுல என் சுண்டுவிரல் வழுக்கிக்கிட்டு உள்ள போகுது. தண்ணி ஓடிட்டிருந்த வாய் சார் அது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, ஓடிட்டிருந்ததுன்னே வச்சுக்குவோம். பட்டியல்ல இல்லாததால அந்த வீட்டுக்கு நாம மாத்துக் குழாய் குடுக்கல. அப்ப அவங்களுக்கு ஒன்பது நாளா சொட்டுத் தண்ணி கிடையாது. எந்த மனுஷனாவது ஒன்பது நாள் வாயைத் திறக்காம இருப்பானா? முதல் நாளே நம்மளக் கிழிகிழின்னு கிழிச்சிருக்க மாட்டாங்க?"

நியாயமான கேள்வி.

"ஆளில்லாத ஓட்டையத் திறந்து விட்டா தண்ணி மண்ணுக்குள்ளதான் போகும். ஒரு மணி வரைக்கும் பாக்கறேன். அது யாரோடதுன்னு சொல்லுங்க, பதினாலுன்னு எழுதறேன். இல்லன்னா நீங்களே போய் சிமெண்ட் வச்சு அடைச்சிட்டு வந்துடுங்க" என்றார்.

கொழுந்தன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "அண்ணி, எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயணும்? அடைக்கச் சொன்னா அடைச்சிட்டு வாங்களேன். ஏற்கெனவே ஒரு பேரு இருக்கு, இன்னொண்ணு எதுக்கு?" என்றான்.

"நீ புழுக்கையாவே இருந்துக்க தம்பி. நான் எள்ளு."

அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஓட்டத் திசையைப் பார்த்துத் தெருவில் நடந்தாள். நூற்று அறுபத்திரண்டில் நின்று, ரப்பர் பேண்ட் மாட்டிய கையை நீட்டினாள். எதிரே பச்சைக் கதவு வைத்த சின்ன வீடு. மற்ற வாசல்களில் எல்லாம் நீலக் குழாய் எட்டிப் பார்த்தது, அங்கே இல்லை. ஒட்டினாற்போல் சைக்கிள் ரிப்பேர் கடை.

"அண்ணே, இந்த வீட்டுல யாரு இருக்காங்க?"

சைக்கிள்காரர் டியூபிலிருந்து தலையை எடுக்காமல், "தினமும் உங்ககிட்ட வந்து வம்பளக்கறாரே, அவர்தான். புருஷன் பெண்டாட்டி ரெண்டே பேரு. அவங்க வீட்டு மோட்டார் ரிப்பேராம். அந்தம்மா விடியறதுக்குள்ள வந்து என் கடைக் குழாய்ல ரெண்டு குடம் புடிச்சிட்டுப் போவாங்க. பாவம், இடுப்புல வைக்க முடியாம இழுத்துக்கிட்டுப் போவாங்க. தூக்கிக் குடுக்கறேன்னா வேண்டாம்பாங்க" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. இன்ஸ்பெக்டரா! வெள்ளைச் சட்டை இஸ்திரி கலையாமல் வந்து நின்ற மனுஷன், நாலு நாளாக ஒரே சட்டையில் வந்ததும் இன்றைக்கு வராமலே போனதும் இப்போதுதான் உறைத்தது. ஒன்பது நாள் எவன் வாயைத் திறக்காமல் இருப்பான் என்றாரே பொறியாளர்? திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? பை போனால் என்ன ஆகும் என்று இந்தத் தெருவிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் வந்து நின்று, தன் வீட்டுத் தண்ணீர் அடைபடப் போவதைப் பார்த்துக்கொண்டு, பம்பைத் தள்ளி வை, கயிற்றை இறுக்கிக் கட்டு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

கதவைத் தட்டினாள். அவரே திறந்தார்.

"என்னம்மா, பம்பு நின்னுடுச்சா? நான் அன்னைக்கே சொன்னேன்."

"பம்பு ஓடுதுங்கய்யா. தாகமா இருக்கு, ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமா?"

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி சமையலறையிலிருந்து டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி டம்ளர் தண்ணீர். குழாய்த் தண்ணீர் வருகிற வீட்டில் யாரும் பாதி டம்ளர் கொடுப்பதில்லை. அந்த அம்மாவின் முழங்கைக்குக் கீழே, குடத்தின் விளிம்பு அழுத்திய இடத்தில் கன்றிப்போயிருந்தது. மேசை மேல் காகிதத் தட்டுகள். ஜன்னலோரத் தொட்டிகளில் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன.

"குழாய்ல தண்ணி வருதாங்கய்யா?"

"ஏன் வராம? திவ்யமா வருது."

"பதினாலாவதா ஒரு ஓட்டை இருக்கு. உங்க வாசலுக்கு நேரா. இன்னும் ஒரு மணி நேரத்துல அடைச்சிருவாங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது? எந்தக் காலத்து ஓட்டையோ."

"சொல்லித் தொலைங்களேன்" என்றாள் மனைவி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நீ சும்மா இரு!" என்று சீறினார். பிறகு இவளிடம் திரும்பினார். "முப்பத்தாறு வருஷம் சர்வீஸ். ஒரு மெமோ கிடையாது என் பேர்ல. நான் திருப்பாத வால்வு இந்த ஊர்ல இல்ல. எங்க வீட்டுல ஒரு குறையும் இல்ல. போயிட்டு வாம்மா."

வேறு யாராவதாக இருந்தால், எக்கேடு கெட்டுப் போங்கள் என்று திரும்பியிருப்பார்கள். அவள் திரும்பவில்லை. அந்த அம்மாவின் கன்றிப்போன கையைப் பார்த்த பிறகு எப்படித் திரும்புவது? டம்ளரைக் கீழே வைத்தாள். தண்ணீர் அப்படியே இருந்தது.

"ஐயா, என்னை எல்லாரும் ஒன்பதுமணின்னு கூப்புடறது உங்களுக்குத் தெரியும். ஏன்னு கொழுந்தன் சொல்லியிருப்பான். அவனுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. தப்பா எழுதின அன்னைக்கு சாயங்காலம் வீட்டுல கை கழுவும்போதே எனக்குத் தெரிஞ்சு போச்சு. இடது கையப் பாத்தேன், வலது கையப் பாத்தேன். ஒரு ஃபோன் போட்டிருந்தா போதும். மறுநாள் வெட்டும்போது சரியா வெட்டியிருப்பாங்க. போடல. வேலையிலேருந்து எடுத்துடுவாங்கன்னு பயம். தப்பா வெட்டுனதுக்கப்புறம், அந்த ஓட்டைய ஒட்டி, காய வச்சு, சரியான எடத்துல திறக்க அஞ்சு நாள் ஆச்சு. அந்தக் கிளைக் குழாய்ல இருந்தது சின்னப் பிள்ளைங்க காப்பகம். ஆயாம்மா ஒருத்தங்க ரெண்டு வாளிய எடுத்துக்கிட்டுப் படியேறுவாங்க. ஏழாவது படியில நின்னு மூச்சு வாங்குவாங்க. அஞ்சு நாளும் நான் எதிர்ல நின்னு பாத்துட்டிருந்தேன். தெரியாம செஞ்சதுக்கு ஊரே சிரிச்சுது, போகட்டும். தெரிஞ்சே வாய மூடிட்டிருந்தேன் பாருங்க, அதுதான் இன்னைக்கும் அறுக்குது."

பெரியவர் கதவுத் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மறுபடி உள்ள போவேன். கையில சிமெண்டு இருக்கும். நீங்க யாருக்கும் எதையும் எழுதிக் குடுக்க வேண்டாம், யார் மூஞ்சியிலயும் முழிக்க வேண்டாம். உங்க வீட்டுக் குழாயில இரும்பால ஒரு தட்டு தட்டுங்க. அது எனக்குக் கேட்டா போதும்."

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டே கால். ஆள் கிடைத்தாரா என்று கேட்ட பொறியாளரிடம் பேரைச் சொல்லவில்லை. ஒருவர் ஒத்துக்கொள்ளாததை இவள் எப்படிச் சொல்வது? "உள்ள போய்க் கேட்டுப் பாக்கறேன் சார். சத்தம் வரலன்னா அடைச்சிட்டு வந்துடறேன்" என்றாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். கொழுந்தன் அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். அதிசயமாக முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.

சக்கரப் பலகையில் குப்புறப் படுத்து உருட்டிக்கொண்டு போனாள். மேலே தெரு, அதில் போகிற வண்டிகளின் அதிர்வு முதுகில் இறங்கியது. நூற்று அறுபத்திரண்டாவது மீட்டரில் நிறுத்தினாள். ஓட்டை அங்கே இருந்தது, சட்டைப் பித்தான் அளவு. காதை வைத்தாள். ஒன்றுமில்லை. பத்து நிமிஷம் கிடந்தாள். பதினைந்து. மூக்கு அரித்தது. ரோபோவாக இருந்தால் அரிக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

வாக்கி டாக்கி கரகரத்தது. "அம்மா, ஒண்ணாகப் போகுது. பையை இறக்க ஆரம்பிக்கணும். அடைச்சிடுங்க."

"ஒரு நிமிஷம் சார்."

"அங்க போய்ப் படுத்தே இருபது நிமிஷம் ஆச்சு. அடைங்க."

பொட்டலத்தைப் பிரித்துச் சிமெண்டுப் பொடியை உள்ளங்கையில் கொட்டி, தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். அந்தச் சிமெண்ட் மூன்றே நிமிஷத்தில் கல்லாகிவிடும். கையிலேயே சூடேறத் தொடங்கும். சூடு வந்தால் உடனே வைத்து அமுக்கிவிட வேண்டும், அதற்குப் பிறகு எதற்கும் உதவாது. உருண்டையை ஓட்டைக்கு நேராகப் பிடித்தாள். தட்டித் தொலையுங்களேன் ஐயா, முப்பத்தாறு வருஷம் இரும்பு பிடித்த கைதானே! சூடு வந்தது. உள்ளங்கை பொறுக்கவில்லை. அவள் அமுக்கவில்லை. மீண்டும் காதை வைத்தாள்.

வெகு தூரத்தில் ஏதோ உரசுகிற மாதிரி இருந்தது. அப்புறம், டொக்.

மூச்சை அடக்கினாள். டொக். டொக். டொக். ஒன்று போதும் என்று சொல்லியிருந்தாள், அவர் நிறுத்தவேயில்லை. ஒன்பது நாள் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அடிக்கிற மாதிரி குழாய் முழுக்க அதிர்ந்தது. வாக்கி டாக்கியை ஓட்டையோடு வைத்து அழுத்திக்கொண்டாள். மேலே குழிக்கரையில் எல்லாருக்கும் கேட்டது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக் கை சுத்தமாக இல்லை. சிமெண்ட் உருண்டை கல்லாக இறுகியிருந்தது. அதை வைத்தே குழாயில் மூன்று தட்டுத் தட்டினாள். அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

"பதினாலு" என்றாள். "நூத்தி அறுபத்திரெண்டு, மூணு மணி. உசுரோட இருக்கு சார்."

அவள் ஏணியில் ஏறி வெளியே வந்தபோது பெரியவர் தடுப்பைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டிருந்தார். கை பின்னால் இல்லை. ஸ்பானரைப் பிடித்தபடியே வந்திருந்தார்.

"சார், அந்தப் பதினாலாவது ஓட்டை நான் போட்டது" என்றார் பொறியாளரிடம். "வீடு கட்டுனப்ப இணைப்புக்கு மனு போட்டேன். ஆறு மாசம் வரல. துளை போடற மெஷின் என் கையிலதான் இருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை போட்டுட்டேன். அப்புறமா ரிஜிஸ்டர்ல எழுதிக்கலாம்னு நெனச்சேன். எழுதவே இல்ல. இருபத்தெட்டு வருஷம் ஆச்சு."

"அட, இன்ஸ்பெக்டரு!" என்று கொழுந்தன் கையைத் தட்டினான். "ஒன்பது நாளா எங்களுக்குக் குத்தம் சொல்லிட்டு..."

"தம்பி, நிறுத்து" என்றாள் அவள். "ஒன்பதுமணி கதைய முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சிரி."

சேறும் சிமெண்டுமாக நின்றபடியே எல்லார் முன்னாலும் சொன்னாள். கை கழுவினது, தெரிந்தது, ஃபோன் போடாதது, காப்பகத்து ஆயா, ஏழாவது படி.

பொறியாளர் அவளைப் பார்த்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா அந்த அஞ்சு நாளும் மிச்சமாயிருக்குமேம்மா."

"ஆமா சார்."

அவர் பட்டியலை எடுத்தார், பேனாவைத் தேடினார். "சரி. ரெண்டு பேர் விஷயத்தையும் அப்புறம் எழுதிக்கலாம். இப்ப பை இறுகுது."

"அப்புறம்னு விடாதீங்க சார்" என்றார் பெரியவர். "நானும் அப்படித்தான் விட்டேன். ஒரு வரிதானே, இப்பவே எழுதுங்க."

பொறியாளர் தடுப்பின் மேல் பட்டியலை வைத்து, பதிமூன்றுக்குக் கீழே பதினாலு என்று எழுதி, பெரியவரின் வீட்டு எண்ணைக் கேட்டு எழுதினார். பெரியவர் தானே கேட்டு வாங்கிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் பை இறங்கியது. அவ்வளவு கலவரத்திலும் போகிற போக்கில், "அந்தக் கயித்து முடிச்சு இன்னும் சரியில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைப் புருஷனிடம் காட்டி, முதல் முறையாக முழுக் கதையையும் சொன்னாள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "இதையா அஞ்சு வருஷமா வயித்துல வச்சிருந்த? நான் லிஃப்டுக்குப் பயப்படறதெல்லாம் ஒண்ணுமே இல்ல போலிருக்கே" என்றார். பெரியவர் வீட்டுக்கு அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், விசாரித்தார்கள், புதிதாக மனு எழுதி வாங்கிக்கொண்டார்கள். கொழுந்தன் இரண்டு வாரம் அந்தப் பேரைச் சொல்லாமலே இருந்தான். மூன்றாம் வாரம் அவளுக்கே பொறுக்காமல், "என்னடா தம்பி, ஒன்பதுமணி செத்துட்டாளா?" என்று கேட்டாள்.

ஆனால் அதெல்லாம் பின்னால். பை இறுகி, வெட்டும் இயந்திரம் உள்ளே போய் பதினாலையும் ஒவ்வொன்றாகத் திறந்து, குழாயைக் கழுவி, தண்ணீரைப் பரிசோதித்துத் திறந்துவிட்ட நாளன்று, அவள் குழிக்கரையில் பலகையின் சக்கரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தெரு வழியாகப் பெரியவரின் மனைவி நடந்து வந்தாள். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்தாள். அப்படியும் வழியெல்லாம் சிந்திக்கொண்டே வந்தது. சிந்தினதைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

"அன்னைக்குப் பாதிதான் குடுத்தேன். நீயும் குடிக்காம வச்சிட்டுப் போயிட்ட" என்று டம்ளரை நீட்டினாள். விளிம்புவரை தண்ணீர்.

இவள் அப்போதுதான் சாப்பிட்டிருந்தாள், தாகமே இல்லை. ஆனாலும் வாங்கி, ஒரு சொட்டு விடாமல் முழுவதையும் குடித்தாள்.